பாதி வழிச் சைக்கிள்

செப்டம்பர் 8, திங்கள்

புது மாணவர்களுக்கு வரவேற்புக் கூட்டம். "ஊருக்குள் சிக்கனமாகப் போய்வருவது எப்படி" என்று ஒரு சார் முக்கால் மணி நேரம் பேசினார். பஸ் நல்லதாம். நடை உடம்புக்கு நல்லதாம். சைக்கிள் சுற்றுச்சூழலுக்கு நல்லதாம். பேசி முடித்துவிட்டுத் தன் காரில் ஏறிப் போனார்.

நான் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து, கோயம்புத்தூரில் ஒன்றரை வருடம் சிஎன்சி மெஷின் ஓட்டிவிட்டு, நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்திருக்கிறேன். கூட்டத்துக்கு மட்டும் முதலாண்டுப் பையன்களோடு உட்கார வைத்தார்கள். என் வகுப்பில் எல்லாரும் போன வருடமே கூட்டம் கூட்டமாகச் சேர்ந்துவிட்டார்கள். மதியம் எந்த பெஞ்சில் உட்கார்ந்தாலும் "இங்க ஆள் வருது ப்ரோ" என்கிறார்கள். பரவாயில்லை. படிக்கத்தானே வந்தேன்.

ஹாஸ்டலில் இடமில்லை. கல்லூரி பாளையங்கோட்டையைத் தாண்டி இருக்கிறது. கட்டுப்படியாகும் ரூம் கிடைத்ததோ திருநெல்வேலி டவுனில், ரத வீதிக்குப் பின்னால் ஒரு மாடி அறை. நடுவில் ஜங்ஷன், ஆறு, பாலம், வண்ணாரப்பேட்டை எல்லாம். யார் இப்படி ஊரைக் கட்டினார்கள் என்று தெரியவில்லை.

ரூம்மேட் ஒரு முதலாண்டுப் பையன். பெயர் சுடலைமணி, ஊர் களக்காடு. என்னை வந்ததிலிருந்து "அண்ணே" என்கிறான். கேட்டதற்கெல்லாம் தலையாட்டுகிறான். இப்படித் தலையாட்டுகிறவர்களோடு வேலை செய்வது கஷ்டம்.

செப்டம்பர் 10, புதன்

ஜங்ஷனில் பஸ் மாற வேண்டியிருக்கிறது. வருகிற பஸ் நிறுத்தத்துக்கு ஐம்பது அடி முன்னால் நிற்கிறது, அல்லது ஐம்பது அடி பின்னால். நிறுத்தத்தில் மட்டும் நிற்பதில்லை. ஓடித் தொற்றினால் கண்டக்டர், "படியில நிக்காத, உள்ள போ" என்கிறார். உள்ளே போக உள் என்று ஒன்று இருக்க வேண்டும்.

ஷேர் ஆட்டோ ஏழு பேர் ஏறும்வரை நகராது. ஏழாவது ஆள் ஏறியதும் எட்டாவது ஆளைத் தேடும்.

மாணவர் பாஸ் வந்தால் பாதிக் கட்டணம். எப்போது வரும் என்று அலுவலகத்தில் கேட்டேன்.

"அட்மிஷன் முழுசா முடியணும்."

"எப்பங்க முடியும்?"

"முடியும்போது."

பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணமே இல்லை. எங்களுக்கு வயிற்றெரிச்சல் மட்டும் இலவசம்.

செப்டம்பர் 13, சனி

சுடலைமணியின் சைக்கிள் களக்காட்டிலிருந்து வாழைத்தார் லாரியில் வந்து இறங்கியது. பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிள். ஹேண்டில்பாருக்குக் கீழே அரசு முத்திரைத் தகடு இன்னும் இருக்கிறது. இத்தனை நாள் அவன் அப்பாதான் இதில் வாழைத்தாரும் இலைக்கட்டும் ஏற்றிக்கொண்டிருந்தாராம். அதற்காகக் கேரியரில் கம்பி வைத்து வெல்டிங் அடித்து அகலப்படுத்தியிருக்கிறார். சைக்கிளின் எடையில் பாதி அந்தக் கேரியர்தான்.

பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துக் கழற்ற உட்கார்ந்தேன்.

"அண்ணே, அத எதுக்குக் கழட்டுதீங்க?"

"தேவையில்லாத இரும்புடா. வாழைத்தாரா ஏத்தப் போறோம்?"

"இல்ல… டபுள்ஸ் போவலாம்லா."

டபுள்ஸ் என்பது மடத்தனமான முறை. ஒருவன் மூச்சுவாங்க மிதிப்பான், இன்னொருவன் பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பான். அதைவிட நல்ல வழி என்னிடம் இருக்கிறது. ஒருவன் பாதி வழி சைக்கிளில் போய், அங்கே பூட்டிவிட்டு, மீதியை நடக்க வேண்டும். பின்னால் நடந்து வருகிறவன் அங்கே சைக்கிளை எடுத்து மீதியை ஓட்ட வேண்டும். ஆளுக்கொரு சாவி. ஆளுக்குப் பாதி சவாரி, பாதி நடை. ஒன்றாகக் கிளம்பினால் ஏறத்தாழ ஒன்றாகப் போய்ச் சேர்வோம். செலவு சுழியம். பேப்பரில் கோடு போட்டுக் காட்டினேன். தலையாட்டினான்.

"ரெண்டாவது பாதி மேடுல்லாண்ணே. நான் டெய்லி முதப் பாதியே எடுத்துக்கிடுதேனே?"

"அதெல்லாம் வேண்டாம். ஒரு நாள் நீ முதல் பாதி, ஒரு நாள் நான். நியாயம்னா ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்."

கழற்றிய கேரியரைப் பழைய இரும்புக் கடைக்குப் போடச் சொன்னேன். அப்பா கேட்பார் என்று சாக்கில் சுற்றித் தன் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான்.

செப்டம்பர் 15, திங்கள்

முதல் நாள். முதல் பாதி நான். பாலம் தாண்டி வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு கம்பங்கூழ்க் கடை இருக்கிறது. செல்லக்கனி என்கிற அக்கா நடத்துகிறார். அவர் தார்ப்பாய்க்கு அடியில் சைக்கிளைப் பூட்டிவிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"பாதி வழிக்குச் சைக்கிள், பாதி வழிக்குக் காலா? நல்லாத்தான் கண்டுபிடிச்சீரு. பேரென்ன?"

"சென்னியப்பனுங்க்கா."

"இந்த 'ங்க'வ எறக்கி வச்சிட்டு நடந்தா இன்னும் வெரசலாப் போவீரே."

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். சுடலைமணி அரை மணி நேரத்துக்கு மேல் தாமதம். எப்படி? நடந்ததுதான் நடந்தான், சைக்கிளில் வரும் பாதியுமா இப்படி?

முதல் நாள் பழகட்டும்.

செப்டம்பர் 16, செவ்வாய்

இன்று முதல் பாதி அவன். விடியும் முன்பே கிளம்பிவிட்டான். கோயிலுக்குப் போய்விட்டுப் போகிறானாம். நான் நடந்து போய்ச் சேர்ந்தபோது சைக்கிள் ஒழுங்காக நின்றது. இருவரும் நேரத்துக்குக் கல்லூரியில். முறை சரியானது என்று நிரூபணம் ஆகிவிட்டது.

ஒரு விஷயம். அவன் என்னைவிட ஒரு சாண் குட்டை. ஆனால் சீட்டு என் உயரத்தில்தான் இருந்தது. இறக்கிக்கொள்ளவே இல்லை. காலை எப்படி எட்ட வைத்து மிதிக்கிறான்? ஸ்பேனரைக் கொடுத்து, "உன் உயரத்துக்கு வச்சுக்கோடா" என்றேன். வாங்கிக்கொண்டான். சாயங்காலம் திருப்பிக் கொடுத்தான்.

மாலையில் சைக்கிளை நானே முழுவதும் ஓட்டி வருகிறேன். அவனுக்கு நடக்கப் பிடிக்குமாம். பாலத்தில் காற்று வருமாம்.

செப்டம்பர் 19, வெள்ளி

நான் முதல் பாதி ஓட்டும் நாளெல்லாம் அவன் தாமதம். அவன் முதல் பாதி ஓட்டும் நாளெல்லாம் சரி. கோளாறு இரண்டாவது பாதியில் இருக்கிறது.

பின்சக்கர பேரிங்கைப் பிரித்தேன். மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் வைத்து, மாட்டினேன். செயின் இறுக்கினேன். பிரேக் கட்டை உரசுகிறதா என்று பார்த்தேன். ஒன்றுமில்லை. நான் ஓட்டினால் வெண்ணெய் மாதிரி போகிறது. அவன் ஓட்டினால் மட்டும் நாலு கிலோமீட்டருக்கு ஐம்பது நிமிடம். மாடு மேய்த்துக்கொண்டு போனாலே அவ்வளவுதான் ஆகும்.

"வழியில எங்கியாச்சும் நிக்கிறியா?"

"இல்லண்ணே."

"பாலத்துல ஆத்தப் பாத்துட்டு நிக்கிறியா?"

"பாலம் தாண்டித்தான சைக்கிளே எடுக்கேன்."

அதுவும் சரிதான்.

செப்டம்பர் 21, ஞாயிறு

துணி துவைத்தேன். அவன் கட்டிலுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கேரியரில் கால் கட்டைவிரலை இடித்துக்கொண்டேன். இது இரண்டாவது தடவை. தூக்கி எறியச் சொன்னேன். தலையாட்டினான். எறிய மாட்டான்.

அவன் வலது கணுக்காலுக்கு மேலே தோல் உரிந்து வரிவரியாகக் காயம். கேட்டேன். பெடல் இடித்ததாம். ஓட்டுகிறவன் காலில் பெடல் எப்படி அந்த இடத்தில் இடிக்கும்? விகாரமாக ஓட்டுகிறான் என்று நினைக்கிறேன். மஞ்சள் பத்துப் போடச் சொன்னேன். டெட்டால் வாங்கி வந்தேன். கடை பக்கத்தில்தான்.

செப்டம்பர் 24, புதன்

கூழ்க் கடை அக்கா இன்று சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார்.

"ஒம்ம தம்பி சைக்கிளுக்கு ரொம்ப மரியாதை குடுக்கான்வே. கல்யாணப் பொண்ணக் கூட்டிட்டுப் போற மாதிரி கூட்டிட்டுப் போறான்."

மெதுவாக ஓட்டுகிறான் என்பது ஊருக்கே தெரிந்திருக்கிறது. எனக்கு மானம் போகிறது.

செப்டம்பர் 26, வெள்ளி

காலையில் தூறல். இன்று முதல் பாதி அவன். நான் குடையோடு நடந்து போய்ச் சேர்ந்தேன். சைக்கிள் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. சீட்டு முழுவதும் நீர் முத்து முத்தாக நின்றது. உட்கார்ந்து ஓட்டி வந்தவன் கால்சட்டையே துடைத்திருக்குமே. மேலே பார்த்தேன்.

"உங்க தார்ப்பாய் ஒழுகுதுங்க்கா."

"எங்கவே ஒழுகுது?" என்று அவரும் மேலே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்து, "கூழு குடிக்கீரா?" என்று கேட்டார்.

செப்டம்பர் 29, திங்கள்

முதலாண்டுக்கு வரைபடப் பாடம் எடுக்கும் ஞானசிகாமணி சார் எங்களுக்கும் ஒரு பாடம் எடுக்கிறார். வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டார்.

"களக்காட்டுப் பையன் ஒன் ரூம்மேட்தானே? ஒரு நாள் விட்டு ஒரு நாள் வாரான். என்ன, நோன்பா?"

முதலாண்டுக்கு முதல் பீரியட் பெரும்பாலும் இவருடையது. மணி அடித்தால் கதவைச் சாத்திவிடுவார். வெளியே நிற்கிறவன் ஆப்சென்ட்.

"வருகை எழுபத்தஞ்சு சதவீதம் வேணும், இவன் பாதிதான் வந்திருக்கான்; இனி செமஸ்டர் முடியிற வரைக்கும் ஒரு கிளாஸ் போனாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன். பரீட்சை எழுத முடியாது. முதல் பட்டதாரி சலுகையும் போகும். சொல்லி வை."

சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டான். அவன் வீட்டில் இதுவரை யாரும் கல்லூரி வாசலைக்கூட மிதித்ததில்லை. சலுகை போனால் களக்காட்டில் இலை அறுக்க வேண்டியதுதான்.

"அப்ப இனிமே நான் நடந்தே போயிடுதேன்ணே. சைக்கிள் நீங்க வச்சுக்கிடுங்க."

"உன் சைக்கிள வச்சிட்டு நீ நடப்பியா? கிறுக்கா உனக்கு?"

தலையாட்டினான்.

நாளைக்குப் பெரிய பல் சக்கரத்தை மாற்றிப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. விடுமுறை.

கீழ்வீட்டில் பேச்சிமுத்து என்று ஆட்டோக்காரர். காலையிலேயே ஆட்டோவைக் கழுவி மாலை போட்டு, எங்கள் சைக்கிளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு முழம் பூவும் சுற்றிவிட்டார். சூடம் காட்டி முடித்ததும் சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம். அவர் ஆட்டோ நசுக்கியது. அடுத்து சைக்கிள்.

"ஏல சுடல, ஒன் வண்டிதான. ஏத்துல."

சுடலைமணி ஹேண்டில்பாரைப் பிடித்து உருட்டினான். பழம் வழுக்கி ஓரமாக ஓடியது.

"ஆள் ஏறணும்ல. வெறும் வண்டிக்கு ஏது கனம்?"

"அண்ணன் ஏறட்டும்" என்று என்னைக் காட்டினான்.

"வண்டி யாருது? உன்னுது. நீ ஏறு" என்றேன்.

"இல்லண்ணே…"

"ஏறுடான்னா. ரெண்டு அடி தூரம். இதுக்கெல்லாமா யோசனை?"

சத்தமாகச் சொல்லவில்லை. எதிர்மாடியில் துணி காயப்போட்டவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்தான், ஆனால் அவர்கள் எப்படியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஏறினான். அவன் ஹேண்டில்பாரைப் பிடித்த விதமே சரியில்லை. ஒரு மிதி. ஹேண்டில் முழுவதும் திரும்பி, சைக்கிளோடு ஆட்டோ மேல் சாய்ந்து, மாலையைப் பிய்த்துக்கொண்டு கீழே விழுந்தான். எலுமிச்சம்பழம் முழுசாக இருந்தது. பேச்சிமுத்து வீட்டுப் பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள்.

"என்னல, ஓட்டவே தெரியாதா?" என்றார் பேச்சிமுத்து.

அவன் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். "சீட்டு உயரம் என்னுதுங்க. இவனுக்குக் கால் எட்டல. நான் இறக்கி வச்சிருக்கணும்." ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. கால் எட்டவில்லை என்பது அளந்து பார்த்தாலும் உண்மைதான்.

மேலே வந்து கதவைச் சாத்தினேன். பிறகு கத்தினேன். இரண்டு வாரமாக பேரிங் கழுவியிருக்கிறேன். கிரீஸ் வைத்திருக்கிறேன். ஒழுகாத தார்ப்பாயை ஒழுகுகிறது என்று சொல்லியிருக்கிறேன்.

"தெனமும் தள்ளிட்டேவா போன?"

"ஆமாண்ணே."

"கோயிலு?"

"கோயிலுக்கெல்லாம் போவல. தள்ளிட்டுப் போவணும்லா, அதான் வெள்ளன கெளம்புதது."

"கவர்மெண்ட் சைக்கிள் வாங்கினவனுக்கு ஓட்டத் தெரியாதுன்னு எவன்டா நினைப்பான்?"

சைக்கிள் கொடுத்த அன்றே அப்பா வாழைக்காட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். இவன் பள்ளிக்கு மற்றவர்கள் கேரியரில் உட்கார்ந்தே போய்வந்திருக்கிறான். அப்புறம் மீசை முளைத்த பிறகு சின்னப் பையன்கள் முன்னால் விழுந்து எழுந்து பழக வெட்கம். "எனக்குக் கேரியர்ல உக்கார மட்டுந்தாண்ணே தெரியும்."

"அத மொத நாளே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன? டபுள்ஸ் போயிருக்கலாமல்ல!"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். வந்த நாளிலிருந்து இன்றுதான் இப்படிப் பார்க்கிறான்.

"கேட்டேன்லா. நீங்கதான கேரியரக் கழட்டிட்டீங்க."

டீ குடிக்க வெளியே போனேன்.

அக்டோபர் 2, வியாழன்

கட்டிலுக்கு அடியிலிருந்து கேரியரை இழுத்து மாட்டினேன். போல்ட் ஒன்று குறைந்தது. நான்தான் எங்கேயோ போட்டிருக்கிறேன். விடுமுறையில் எந்தக் கடையும் திறக்கவில்லை. பேச்சிமுத்துவின் டப்பாவில் ஒன்று கிடைத்தது. மரை சரியில்லை, ஆனால் பிடிக்கிறது.

வெல்டிங்கைக் கவனித்துப் பார்த்தேன். அழகில்லை. அசையாது.

அக்டோபர் 3, வெள்ளி

டபுள்ஸ். சட்டை முழுவதும் வேர்வை. மேட்டில் தொடை நரம்பு இழுக்கிறது. அவன் பின்னால் உட்கார்ந்து, "அண்ணே, இடது பக்கம் பஸ்ஸு. அண்ணே, குழி" என்று வழி நெடுக வர்ணனை. எனக்குக் கண் இருக்கிறது என்று சொன்னேன்.

"சும்மா ஒக்காந்திருக்கதுக்கு ஒரு மாதிரியா இருக்குண்ணே."

கூழ்க் கடையைக் கடக்கும்போது அக்கா கரண்டியைத் தூக்கிக் காட்டினார். அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். ஒரு வார்த்தை சொன்னாரா?

ஞானசிகாமணி சார் கதவைச் சாத்துவதற்கு முன்னால் இவன் உள்ளே.

அக்டோபர் 5, ஞாயிறு

ஆற்றங்கரைப் பொட்டலில் அவனுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். சாயும் பக்கமே ஹேண்டிலைத் திருப்ப வேண்டும், சக்கரம் தரையைத் தொடும் புள்ளி எடைமையத்துக்குக் கீழே வந்துவிடும், இவ்வளவுதான் விஷயம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும். அவனுக்குப் புரிகிறது, சொன்னால் திருப்பிச் சொல்கிறான். ஏறினால் விழுகிறான்.

"சாயற பக்கம் திருப்புடா! சாயற பக்கம்! அது எதிர்ப் பக்கம்!"

"நீங்க கத்துனா எனக்கு ரெண்டு பக்கமும் மறந்துபோவுதுண்ணே."

ஒரு மணி நேரத்தில் நிறுத்திவிட்டோம். என்னால் ஆகாது. அவனாலும் ஆகாது. கேரியர் இருக்கிறது, போதும்.

அக்டோபர் 9, வியாழன்

டபுள்ஸ். மழை. நேரத்துக்குப் போனோம்.

என் வகுப்பில் ஒருவன், "டெய்லி யாரு ப்ரோ உங்க பின்னாடி வர்றது, தம்பியா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். விளக்குவதற்கு நேரமில்லை.

அக்டோபர் 13, திங்கள்

இரண்டு நாளாக விடியற்காலையில் எழுந்து எங்கேயோ போகிறான். கேட்டால் கோயிலாம். மறுபடியும் கோயில்! முழங்கையில் சிராய்ப்பு வேறு. இருட்டில் பிரகாரத்தில் தடுக்கி விழுந்தானாம். இவ்வளவு பக்தி எதற்கு என்று தெரியவில்லை. டெட்டால் தீர்ந்துவிட்டது.

அக்டோபர் 16, வியாழன்

தீபாவளிக் கூட்டம். ரத வீதியில் சைக்கிளைக் கையில் தூக்கிக்கொண்டு போகாத குறை. ஜங்ஷன் தாண்டவே நேரம் போய்விட்டது. பாலத்தின் நடுவில் பின் டயர் பஞ்சர். ஆணி. இதற்கென்றே காத்திருந்த மாதிரி.

இன்று முதல் பீரியட் எனக்கு இன்டர்னல் பரீட்சை. அவனுக்கு வரைபடம்.

ஒரு ஷேர் ஆட்டோ ஊர்ந்து வந்தது. ஒரே ஓர் ஆளுக்கு இடம், அதுவும் டிரைவர் பக்கத்தில் பாதி உடம்பு வெளியே. அவன் என்னைப் பிடித்துத் தள்ளினான்.

"நீங்க போங்கண்ணே, ஒங்களுக்குப் பரீட்சை. எனக்குத் தள்ளிப் பழக்கந்தான."

"ஒரு கிளாஸ் போனாலும் போச்சுன்னு சார் சொன்னது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. அதுக்காவ ஒங்க மார்க்கு…"

"ஏறுடா!"

காலரைப் பிடித்து ஏற்றினேன். இன்று சத்தமாகத்தான் சொன்னேன். ஆட்டோவில் இருந்த ஒரு பெரியம்மா, "பிள்ளைய ஏன்யா இப்படி வெரட்டுத?" என்று கேட்டார்.

பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். பஞ்சர் கடைகள் எல்லாம் இன்னும் பூட்டிக் கிடந்தன. கூழ்க் கடை அக்கா வெளியே வந்து இடுப்பில் கைவைத்து நின்றார்.

"ஏன்வே, நீரும் கூட்டிட்டுப் போக ஆரம்பிச்சிட்டீரா?"

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது பெடல் சரியாக வலது கணுக்காலுக்கு மேலேதான் இடிக்கிறது. விலக்கிப் பிடித்தால் ஹேண்டில் கோணுகிறது. சேர்த்துப் பிடித்தால் மறுபடி இடிக்கிறது. மேடு முடிகிற மாதிரி இருந்து, முடிவதில்லை.

பரீட்சைக்குப் போய்ச் சேரவில்லை. மூன்று இன்டர்னலில் இரண்டுதான் கணக்கு. பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை.

அவன் உள்ளே போய்விட்டான். பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் மணி அடித்ததாம்.

அக்டோபர் 19, ஞாயிறு

சுடலைமணி ஊருக்குப் போய்விட்டான். கூப்பிட்டான், "வாழைக்காடு பாக்கலாம்ணே" என்று. வாழையைப் பார்க்க அவ்வளவு தூரமா?

நான் என் ஊருக்கு, ஈரோட்டுக்கு, போகவில்லை. பஸ்ஸில் கூட்டம். வேலையை விட்டதிலிருந்து அப்பாவும் நானும் அவ்வளவாகப் பேசுவதில்லை, அது வேறு விஷயம்.

சைக்கிளை முழுவதும் பிரித்து மாட்டினேன். முன் மட்கார்டில் புதுக் கீறல்கள். ஆற்று மணல் ஒட்டியிருக்கிறது. நான் மணல் பக்கம் ஓட்டிய ஞாபகமே இல்லை.

ரூம் அமைதியாக இருக்கிறது. நல்லதுதான்.

அக்டோபர் 23, வியாழன்

வந்துவிட்டான். ஒரு சீப்பு ஏலக்கிப் பழம், ஒரு தூக்குச்சட்டி முறுக்கு. "அம்மா குடுத்துவிட்டா. கேரியர திருப்பி மாட்டுன அண்ணனுக்குன்னு." வீட்டில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். கழற்றியதும் நான்தான் என்று சொன்னானா, கேட்கவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

இருவருக்கும் பஸ் பாஸ் வந்துவிட்டது. இத்தனை நாள் எங்கே இருந்தது என்று அலுவலகத்தில் கேட்டேன். "மேசையில" என்றார்.

அவனிடம் சொன்னேன்: நாளையிலிருந்து நீ பஸ்ஸில் போ. ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தால் உட்காரவே இடம் கிடைக்கும், வகுப்பு போகாது, என் தொடையும் பிழைக்கும். தலையாட்டினான்.

கேரியரைக் கழற்ற நேரமில்லை. கிடக்கட்டும்.

அக்டோபர் 31, வெள்ளி

மூன்று நாளாக அவன் பஸ். நான் தனியாகச் சைக்கிள். கனமே இல்லை, பறக்கிறது. மேட்டில் ஒரு குழியைப் பார்க்காமல் இறக்கிவிட்டேன். ரிம் லேசாகக் கோணல். அந்தக் குழி எங்கே என்று இத்தனை நாளில் மனப்பாடம் ஆகியிருக்க வேண்டும்.

நவம்பர் 3, திங்கள்

எழுந்து பார்த்தால் ஆளைக் காணோம். கீழே இறங்கினால் சைக்கிளையும் காணோம். அவன் பஸ் பாஸ் தலையணை மேல் கிடக்கிறது. எனக்கு வந்த கோபத்தை எழுத இந்தப் பக்கம் போதாது. ஒரு வகுப்பு போனால் போச்சு என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! மறுபடியும் தள்ளிக்கொண்டு போகிறானா?

என்னிடமும் பாஸ் இருந்தது. ஆனால் வழியில் எங்காவது அவனைப் பிடித்தால் நாலு கேள்வி கேட்கலாம் என்று நடந்தேன். ஜங்ஷன் தாண்டினேன், பாலம் தாண்டினேன். எங்கும் ஆள் இல்லை.

கூழ்க் கடையில், தார்ப்பாய்க்கு அடியில், சைக்கிள் பூட்டி நின்றது.

"அவன் எங்கீங்க்கா?"

"அப்பமே நடந்து போயிட்டான். இந்நேரம் காலேஜுல இருப்பான். வண்டிய ஒமக்கு விட்டுட்டுப் போறேன்னு சொல்லச் சொன்னான்."

"தள்ளிட்டா வந்தான்?"

செல்லக்கனி அக்கா கரண்டியைக் கூழ்ப்பானையில் போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் ஹேண்டில்பார் மாதிரி பிடித்து, இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினார். "பாலம் முழுசும் அவனுக்குத்தான் வேண்டியிருந்திச்சி. பின்னால ஒரு லாரிக்காரன் ஆரன் அடிச்சுக்கிட்டே வாரான். இவன் எறங்கணுமே! எறங்கல."

பையிலிருந்து என் சாவியை எடுத்துத் திறந்தேன். சீட்டு ஒரு சாண் இறங்கியிருந்தது. போல்ட்டை மட்டமாக முறுக்கியிருக்கிறான், மரை பாதி போய்விட்டது. ஸ்பேனர் இல்லாமல் குறடால் திருகியிருக்கிறான் போல.

அப்படியே ஏறி உட்கார்ந்தேன். மிதிக்கிற ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தது. இந்த உயரத்தில் காலின் பலத்தில் பாதி வீண். யாராவது பார்த்தால் சர்க்கஸ் கரடி என்று நினைத்திருப்பார்கள். மேடு முழுவதும் இடித்துக்கொண்டே போனேன்.

ஸ்பேனர் பையில்தான் இருந்தது.